காண்டம் எவ்வளவு காக்கும்? பால்வினைத் தொற்று பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்களோடு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவது என் வேலை. பேச்சு முடிந்து எழுந்து, கதவின் கைப்பிடியைப் பிடித்த பிறகுதான் பலருக்கு உண்மையான கேள்வி வாயில் வரும். "இன்னொண்ணு கேட்கலாமா?" என்று திரும்புவார்கள். அப்படிக் கேட்டவற்றை, கேட்ட வார்த்தையிலேயே இங்கே போட்டிருக்கிறேன். ஆணுறை, காண்டம், உறை எல்லாம் ஒன்றுதான்.

காண்டம் போட்டா நூறு சதவீதம் சேஃப்தானே?

இல்லை. அதற்காக "அப்போ போட்டு என்ன பிரயோஜனம்" என்று கேட்பதும் சரியில்லை. எவ்வளவு காக்கும் என்பது நோய்க்கு நோய் மாறும்.

எச்.ஐ.வி., வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி ஆகியவை விந்து, பெண்ணுறுப்பின் கசிவு, சீழ், ரத்தம் போன்ற திரவங்களில் வருபவை. அந்தத் திரவத்தைத் தடுத்தால் நோயைத் தடுத்த மாதிரி. அதனால் இவற்றுக்கு எதிராகக் காண்டம் நன்றாக வேலை செய்யும். கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்பிஸ், மருவை உண்டாக்கும் எச்.பி.வி., புண்ணில் தொடங்கும் சிபிலிஸ் ஆகியவை தோலோடு தோல் உரசினாலே தொற்றும். உறை மூடியிருக்கும் இடத்தை அது காக்கும். விதைப்பை, தொடை இடுக்கு, பெண்ணுறுப்பின் வெளியிதழ் எல்லாம் உறைக்கு வெளியேதான் இருக்கின்றன. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எச்.ஐ.வி.க்கு 80 சதவீதம்தான் பாதுகாப்புன்னு படிச்சேன். அப்போ அஞ்சு தடவைல ஒரு தடவை வந்துடுமா?

இந்த ஒரு கணக்கு எத்தனை பேருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது தெரியுமா! அந்த 80 சதவீதம், தம்பதிகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அவர்களில் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டு, மற்றவருக்கு இல்லை. காண்டமே போடாத ஜோடிகளில் 100 புதிய தொற்றுகள் வரும் காலத்தில், எப்போதும் போட்டவர்களில் சுமார் 20 வந்தன என்பதுதான் அதன் பொருள். ஐந்து தடவைக்கு ஒரு தடவை என்று அர்த்தமே இல்லை.

ஒரே ஒரு தடவைக்கான கணக்கு வேறு. எச்.ஐ.வி. உள்ள, மருந்து எடுக்காத ஆணோடு ஒரு பெண் காண்டம் இல்லாமல் உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்குச் சுமார் 8. காண்டம் அந்தச் சிறிய எண்ணையும் வெகுவாகக் குறைக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆய்வில் "எப்போதும் போட்டோம்" என்று சொன்னவர்கள் எல்லோரும் நிஜமாகவே எப்போதும் போட்டார்களா? கேள்வித்தாளில் டிக் அடிப்பது சுலபம். ஒழுங்காகப் போட்டால் கிடைக்கும் பாதுகாப்பு 80-க்கு மேலேயே இருக்கும் என்பது என் கணிப்பு.

வைரஸ் ரொம்பச் சின்னது, ரப்பர்ல இருக்கிற ஓட்டை வழியா போயிடும்னு சொல்றாங்களே?

எச்.ஐ.வி.யின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அதைவிடச் சிறியது. ஆனாலும் லேடெக்ஸ் என்ற அந்த ரப்பரின் கிழியாத படலத்தைத் தாண்டி இவை போவதில்லை. வைரஸ் தனியாகப் பறந்து வருவதும் இல்லை, திரவத்தோடுதான் வருகிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு காண்டத்தையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் செலுத்தி ஓட்டை பார்க்கிறார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்து 300 மில்லி தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று சோதிப்பார்கள், காற்று அடித்து வெடிக்கவும் வைப்பார்கள். நடுத்தர அளவுக் காண்டம் 18 லிட்டர் காற்றையாவது தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தர விதி. ஒரு பெரிய தண்ணீர் கேன் அளவு!

இந்த வதந்திக்கு ஒரு நிஜமான வேர் உண்டு. ஆட்டுக்குடலில் செய்யும் "இயற்கை" காண்டங்கள் சில நாடுகளில் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றில் உள்ள நுண்துளைகள் விந்தணுவைத் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. நோய்த் தடுப்புக்கு அவை ஆகாது.

அப்புறம் எப்படித்தான் போட்டும் நோய் வருது?

பெரும்பாலும் ரப்பரின் குற்றம் இல்லை, அது மாட்டப்படாமல் இருந்த நிமிடங்களின் குற்றம். பாதியில் போட்டது, பாதியில் கழற்றியது, "இன்னிக்கு மட்டும்" என்று விட்டது. சரியாகப் பயன்படுத்தும்போது கிழிவதும் நழுவுவதும் 100-க்கு ஓரிரண்டுதான். நடைமுறையில் அது கூடுவதற்குக் காரணம் அடுத்தடுத்த கேள்விகளில் வருகிறது.

வெளிய வர்றதுக்கு முன்னாடி, கடைசில போட்டா போதாதா?

போதாது. விந்து வரும் முன்பே கசியும் வழவழப்பான நீரிலும் எச்.ஐ.வி.யோ கொனோரியாவோ இருக்கலாம். உங்கள் பக்கத்துக்கும் அதே கதைதான்: இணையின் கசிவு உங்கள் சிறுநீர்த் துவாரத்தில் படும் முதல் நொடியிலிருந்தே தொற்றுக்கு வழி திறந்திருக்கிறது. கர்ப்பத்தை மட்டும் மனதில் வைத்து வந்த பழக்கம் இது. நோய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கடைசியில் வெளியே எடுத்துவிடும் முறைக்கும் இதே பதில்தான்.

பர்ஸ்ல எப்பவும் ஒண்ணு வெச்சிருக்கேன். நல்லதுதானே?

நல்ல எண்ணம், தவறான இடம். ஒருவர் பெருமையாகப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். தோலில் வட்டமாக அச்சே விழுந்திருந்தது, பொட்டலத்தின் மூலை வெளுத்து மடிந்திருந்தது. எத்தனை நாளாக என்றேன். "கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கினது" என்றார். கல்யாணம் முடிந்து மூன்று வருடம். உடம்புச் சூடும், உட்கார்ந்து எழும் அழுத்தமும், உரசலும் சேர்ந்தால் லேடெக்ஸ் வலுவிழந்துவிடும்.

பொட்டலத்தில் காலாவதித் தேதி இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பிறகு கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று மெத்தென்று தட்டுப்பட வேண்டும், உறை வழுக்கிக்கொண்டு நகர வேண்டும். தட்டையாகக் கிடந்தால் எங்கோ ஓட்டை, தூக்கிப் போடுங்கள். பையில் வைப்பதானால் சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

போடறதுல அப்படி என்ன இருக்கு? எல்லாருக்கும் தெரியாதா?

தெரியும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மரக்கட்டை மாதிரியைக் கையில் கொடுத்தால் தடுமாறுவார்கள். பல்லால் கிழிக்காதீர்கள், நகம் படாமல் எடுங்கள். சுருள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் உருளும். விறைப்பு வந்த பிறகு, உடம்பு உடம்பைத் தொடும் முன், நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு அடிவரைக்கும் உருட்டுங்கள். நுனியில் காற்று தங்கினால் வெடிக்கும்.

அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: தலைகீழாக வைத்துவிட்டு, உருளவில்லை என்றதும் அப்படியே திருப்பிப் போடுவது. முதலில் பட்ட பக்கம் இப்போது வெளிப்பக்கம் ஆகிவிட்டது, அதில் கசிவு ஒட்டியிருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுங்கள். முடிந்ததும் விறைப்பு தளரும் முன்பே, அடி வளையத்தை விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். தளர்ந்த பிறகு எடுத்தால் உறை உள்ளேயே தங்கிவிடும்.

ரெண்டு காண்டம் ஒண்ணு மேல ஒண்ணு போட்டா டபுள் பாதுகாப்பா?

வேண்டாம். ரப்பரும் ரப்பரும் உரசினால் கிழியவும் நழுவவும் வாய்ப்பு கூடும். ஆணுறையும் பெண்ணுறையும் சேர்த்துப் போடுவதற்கும் இதே பதில். கழுவி மறுபடி பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது.

காய்ஞ்சு போய் எரியுதுன்னு தேங்காய் எண்ணெய் தடவினோம். தப்பா?

லேடெக்ஸ் காண்டத்துக்குத் தப்பு. தேங்காய் எண்ணெய், வாஸலின், பேபி ஆயில், முகத்துக்குப் போடும் கிரீம் எதுவாக இருந்தாலும் எண்ணெய் இருந்தால் லேடெக்ஸ் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் அல்லது சிலிகோன் ஜெல் வாங்குங்கள். எரிச்சல் ஏற்பட்டதற்காக ஜெல் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வறட்சியால் உரசினால் காண்டம் கிழியும், தோலிலும் சின்னச் சின்னக் காயம் உண்டாகும்.

நோனாக்ஸினால்-9 என்ற விந்துக்கொல்லி பூசிய காண்டங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கூடுதல் பாதுகாப்பு என்று நம்பிச் சேர்த்தார்கள். அடிக்கடி பயன்படுத்தினால் உட்தோலை அரித்து எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பது பிறகு தெரியவந்தது.

வாய் வழியா செஞ்சா ஒண்ணும் வராதுல்ல?

எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு, அது உண்மை. ஆனால் கொனோரியா தொண்டையில் குடியேறும், பெரும்பாலும் வலிகூட இருக்காது. சிபிலிஸும் ஹெர்பிஸும் வாயிலிருந்து உறுப்புக்கும் உறுப்பிலிருந்து வாய்க்கும் போகும். உதட்டில் கொப்புளம் இருக்கும்போது வாய்வழி உறவு வேண்டவே வேண்டாம். மற்றபடி காண்டம் போட்டுக்கொள்ளலாம், வாசனையுள்ளவை இதற்காகத்தான் வருகின்றன. பெண்ணுறுப்புக்கு லேடெக்ஸ் தடுப்புத் தாள் உண்டு. கிடைக்காவிட்டால் ஒரு காண்டத்தை நீளவாக்கில் வெட்டி விரித்துப் பயன்படுத்தலாம்.

பின் வழியா உறவுன்னா காண்டம் தாங்குமா?

தாங்கும், ஜெல் நிறையப் போட்டால். ஆசனவாயில் தானாக வழவழப்பு சுரக்காது, உட்தோலும் மெல்லியது. அதனாலேயே வாங்கிக்கொள்பவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு, மேலே சொன்ன 10,000-க்கு 8 என்ற எண்ணைவிடப் பல மடங்கு அதிகம்: 10,000-க்குச் சுமார் 138. காண்டம் மிக அதிகமாகப் பயன்தருவதும் இங்கேதான். பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு மாறுவதானால் புதிய காண்டம் போடுங்கள்.

என் பார்ட்னருக்கு ஹெர்பிஸ் இருக்கு. காண்டம் போட்டா எனக்கு வராதா?

குறையும், முழுக்கத் தடுக்காது. முதல் பதிலில் சொன்னது போல இது தோல் வழியாகப் பரவுவது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எப்போதும் காண்டம் போட்டவர்களுக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்றுவது சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. கொப்புளம் இல்லாத நாளிலும் தோலிலிருந்து வைரஸ் வெளிவரும் என்பது இதில் இன்னொரு சிக்கல்.

அதனால் ஒன்றை மட்டும் நம்பாதீர்கள். கொப்புளமோ, அது வரும் முன் வரும் குறுகுறுப்போ இருக்கும் நாட்களில் உறவைத் தள்ளிப்போடுங்கள், மற்ற நாட்களில் காண்டம் போடுங்கள். உங்கள் பார்ட்னர் தினமும் வாலாசைக்ளோவிர் என்ற ஹெர்பிஸ் மருந்தை எடுத்தால் பரவுவது இன்னும் பாதியாகக் குறையும். மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்.பி.வி.க்குக் காண்டம் உபயோகமே இல்லைன்னு ஒரு டாக்டரே சொன்னாரே?

அப்படிச் சொல்வது கொஞ்சம் ஓவர். புதிதாக உறவைத் தொடங்கிய இளம்பெண்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. இணை ஒவ்வொரு முறையும் காண்டம் போட்டவர்களுக்கு, ஏறக்குறைய போடாதவர்களைவிட எச்.பி.வி. தொற்று 70 சதவீதம் குறைவாக இருந்தது. ஹெர்பிஸைப் போலவே ஓரங்களில் தப்பி வரத்தான் செய்யும், அதனால் தடுப்பூசிதான் பெரிய காவல். உறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போடுவது சிறந்தது. தடுப்பூசி போட்ட பெண்களும், எச்.பி.வி.யால் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை விடக் கூடாது.

சிபிலிஸ் எல்லாம் பழைய காலத்து வியாதிதானே?

காண்டத்தின் கதையே அதில்தான் தொடங்குகிறது. கப்ரியேலே ஃபலோப்பியோ என்ற இத்தாலிய மருத்துவர், சிபிலிஸைத் தடுக்கத் துணியாலான உறையைப் பரிந்துரைத்தார். அது 1564-ல் அச்சானது. கர்ப்பத்தடை என்ற பேச்சே அதில் இல்லை. நோயோ இன்னும் எங்கேயும் போய்விடவில்லை, பல நாடுகளில் கூடிக்கொண்டிருக்கிறது.

முதல் புண் வலிக்காது, 10 முதல் 90 நாட்களுக்குள் வரும், தானாகவே ஆறிவிடும். ஆறினால் குணம் என்று நினைப்பதுதான் ஆபத்து, கிருமி உள்ளே இருக்கும். புண் உறைக்குள் அடங்கும் இடத்தில் இருந்தால் காண்டம் காக்கும், அடிப்பகுதியிலோ உதட்டிலோ இருந்தால் காக்காது. பென்சிலின் ஊசியில் குணமாகும்.

நான் மாத்திரை சாப்பிடறேன், அவர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். இன்னும் எதுக்குக் காண்டம்?

மாத்திரை, காப்பர்-டி, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் எல்லாம் கர்ப்பத்தைத்தான் தடுக்கும். ஒரு கிருமியைக்கூடத் தடுக்காது.

கிழிஞ்சிடுச்சு. இப்போ என்ன பண்ணணும்?

முதலில் செய்யக் கூடாதது: உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், டெட்டால் மாதிரி எதுவும் வேண்டாம். வெளியே சாதாரணமாகக் கழுவினால் போதும். எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மணிக்கணக்கு முக்கியம். பெப் எனப்படும் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முடிந்தால் அன்றைக்கே. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். வெள்ளிக்கிழமை நடந்ததற்குச் செவ்வாய்க்கிழமை வந்து நிற்பவர்களிடம் "நேரம் போய்விட்டது" என்று சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமானது. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டதில்லை என்றால் அதையும் கேளுங்கள். கர்ப்பம் வேண்டாமென்றால் அவசர மாத்திரைக்கும் நேரக் கணக்கு உண்டு. கடையில் கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கை வாங்கி விழுங்காதீர்கள். கொனோரியா ஏற்கெனவே பல மருந்துகளுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருக்கிறது.

அவர் காண்டம் போட மாட்டேங்கிறார். என் கையில என்ன இருக்கு?

பெண்ணுறை இருக்கிறது. இரண்டு பக்கமும் வளையம் உள்ள மெல்லிய பை. உள்வளையத்தை அமுக்கி உள்ளே செலுத்தினால் வெளிவளையம் வெளியிதழ்களைக் கொஞ்சம் மூடிக்கொண்டு நிற்கும். உறவுக்கு முன்பே மாட்டிக்கொள்ளலாம். இப்போது வருவது நைட்ரைல் என்ற பொருளில் செய்தது, அதற்கு எண்ணெயாலும் கெடுதல் இல்லை. முதல் இரண்டு தடவை கைக்கு அடங்காது, பழகிவிடும். எச்.ஐ.வி. பயம் அதிகமுள்ள சூழல் என்றால், தினமும் சாப்பிடும் பிரெப் மாத்திரை பற்றியும் விசாரியுங்கள். அது எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும்.

மறுத்தால் அடிப்பார், மிரட்டுவார் என்ற நிலை இருந்தால் அது காண்டம் பற்றிய கேள்வி இல்லை. உங்கள் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ தனியாக இருக்கும்போது அதைச் சொல்லுங்கள்.

ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ். இனிமே நிறுத்தலாமா?

டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. தொற்றிய மறுநாளே எந்தப் பரிசோதனையும் காட்டாது. ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்யும் புதிய வகை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு 45 நாள், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள் காத்திருந்தால்தான் நெகட்டிவ் என்பதை நம்பலாம். சிபிலிஸுக்கும் 90 நாள் கணக்கு. கொனோரியாவும் கிளமிடியாவும் இரண்டு வாரத்தில் தெரியும், ஆனால் அதற்குத் தனியாகச் சிறுநீரோ கசிவோ எடுத்துப் பார்க்க வேண்டும். "எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு" என்பவர்கள் பலர் எச்.ஐ.வி. மட்டும்தான் எடுத்திருப்பார்கள்.

என் கணவருக்கு எச்.ஐ.வி., ஒழுங்கா மாத்திரை சாப்பிடறார். ரத்தத்துல வைரஸே தெரியலைங்கிறாங்க. காண்டம் வேணுமா?

எச்.ஐ.வி.க்காக என்றால், வேண்டியதில்லை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து, ஆறு மாதமாவது அப்படியே நீடித்து, மருந்தும் விடாமல் தொடர்ந்தால் உடலுறவு மூலம் தொற்றாது. ஆயிரக்கணக்கான ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதை உறுதியாக்கியிருக்கின்றன. வைரஸ் அளவுப் பரிசோதனையை மட்டும் தவறவிடாதீர்கள். மற்ற தொற்றுகளுக்கும் கர்ப்பத்துக்கும் மேலே சொன்ன பதில்கள்தான்.

காண்டம் போட்டும் எனக்கு அரிக்குது. நோய் வந்துடுச்சா?

அவசியமில்லை. காண்டம் தொட்ட இடமெல்லாம் உடனே சிவந்து அரித்தால் லேடெக்ஸ் ஒவ்வாமையாக இருக்கலாம். லேடெக்ஸ் இல்லாத பாலியூரித்தேன் அல்லது பாலிஐசோபிரீன் காண்டத்துக்கு மாறிப் பாருங்கள். முடி உள்ள இடத்தில் அரித்தால் பேனாக இருக்கலாம், ராத்திரியில் அதிகமாக அரித்தால் சொறி சிரங்காக இருக்கலாம். இவை இரண்டையும் காண்டம் தடுக்காது, படுக்கையைப் பகிர்ந்தாலே வரும். பூஞ்சைத் தொற்றோ, உறவே இல்லாமலும் வரும். கூகுளில் படம் பார்த்து முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரெண்டு வருஷமா காண்டம் போட்டுத்தான் இருக்கோம். இப்போ எனக்குக் கிளமிடியா. அவர் ஏமாத்தறார்னுதானே அர்த்தம்?

இதைக் கேட்கும்போது குரலே மாறியிருக்கும். அந்த அர்த்தம்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. கிளமிடியா பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது, சிகிச்சை இல்லாவிட்டால் மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கும் மேல், உள்ளேயே இருக்கும். நீங்கள் இருவரும் சேரும் முன்பே உங்களில் ஒருவரிடம் இருந்திருக்கலாம். "போட்டுத்தான் இருக்கோம்" என்பதில் பாதியில் போட்ட நாட்கள் எத்தனை என்று இருவரும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். பரிசோதனைக்குக் கிருமி வந்த தேதி தெரியாது.

இப்போது செய்ய வேண்டியது, இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுப்பது. ஒரே வேளை மருந்தானால் அதற்குப் பின் ஏழு நாள், ஏழு நாள் மருந்தானால் முடியும்வரை, காண்டத்தோடுகூட உறவு வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை. அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இருந்தால் கேளுங்கள், ஆனால் மருந்துச் சீட்டை அவர் கையில் கொடுத்த பிறகு கேளுங்கள்.